விடுதிச் சிட்டையும் மனச்சாட்சியும்



வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தங்குவிடுதியில் இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவரைக் கேட்டுப் பாருங்கள். அறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார். சிட்டையைப் பற்றி ஒன்பது வார்த்தை சொல்வார். "வாடகை இவ்வளவு என்றுதான் சொன்னார்கள். வெளிக்கிடும்போது பார்த்தால் கறண்டுக்கு வேறு, சுடுதண்ணீருக்கு வேறு, ஏசிக்கு வேறு என்று எழுதியிருந்தது" என்பார். பக்கத்தில் இருப்பவர் உடனே, "பாவித்ததற்குக் காசு கொடுக்கத்தானே வேண்டும்? விடுதிக்காரனுக்கு மட்டும் மின்சாரம் சும்மாவா வருகிறது?" என்று கேட்பார். மூன்றாமவர், "எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாக முதலிலேயே சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்?" என்பார்.

மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றும் ஒரே உண்மை அல்ல. சில நூறு ரூபா விவகாரம்தானே என்று இதை ஒதுக்கிவிடலாகாது. அயலானை நாம் எப்படி மதிக்கிறோம் என்பது பெரிய காரியங்களைவிடச் சிறிய கணக்குகளிலேயே தெளிவாகத் தெரியும். வெளிச்சத்திற்கும் தண்ணீருக்கும் குளிருக்கும் தனிக் கட்டணம் வாங்குவது நீதியா, அநீதியா? எப்போது அது நீதி, எப்போது அது களவுக்கு ஒப்பாகிறது? இதனை இவ்வாரம் சற்று நிதானமாக ஆராய்வோம்.

தங்க வருகிறவர் யார்?

முதலில், இந்த அறைகளில் தங்குகிறவர் யார் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். கடற்கரையோரத்துப் பெரிய ஹோட்டல்களுக்கு உல்லாசமாகப் பொழுதுபோக்க வருகிறவர்கள் அல்லர் இவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் இரவு பஸ்ஸில் வந்து விடியற்காலையில் காலி வீதியில் இறங்குகிறவர்கள். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கோ தேசிய வைத்தியசாலைக்கோ நோயாளியை அழைத்து வந்தவர்கள். தூதரகத்தில் விசாவுக்கு நாள் குறிக்கப்பட்டவர்கள். கட்டுநாயக்காவில் மகனை விமானமேற்ற வந்த தாய்மார். மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் பதிய வந்த இளம் பெண்கள். கொச்சிக்கடைப் புனித அந்தோனியாருக்கு நேர்த்தி செலுத்த வந்த குடும்பங்கள். இவர்களுக்குக் கொழும்பு அறை ஓர் ஆடம்பரம் அன்று. வேறு வழியில்லாத தேவை.

இந்தத் தேவைக்கு ஒரு வரலாறும் உண்டு. போர்க்காலம் முழுவதும் இந்த விடுதிகள் நம் மக்களால் நிரம்பி வழிந்தன. பொலிசில் பதிவு செய்து, அடையாள அட்டையைக் கையிற் பிடித்துக்கொண்டு, கதவு தட்டப்படும் சத்தத்திற்கு அஞ்சி இருந்த காலம் அது. 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி விடுதிகளிலிருந்து 376 தமிழர்கள் வெளியேற்றப்பட்டு, பஸ்களில் ஏற்றப்பட்டு, வவுனியாப் பக்கம் அனுப்பப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில், மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

விடுதிச் சிட்டையைப் பற்றிப் பேசவந்த இடத்தில் இதனை ஏன் சொல்கிறோம்? அத்தகைய காலத்தில் தங்கியிருந்த ஒருவர், சிட்டையில் ஒரு தொகை கூடுதலாக இருக்கிறது என்று யாரிடம் போய் முறையிட்டிருப்பார்? இருக்க இடம் கிடைத்ததே பெரிது என்று கேட்டதைக் கொடுத்திருப்பார். காலம் மாறிவிட்டது. ஆனால் கேள்வி கேளாமற் கொடுக்கும் பழக்கம் நம்மிடமிருந்தும், கேளாமற் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்கும் பழக்கம் சிலரிடமிருந்தும் இன்னும் முற்றாகப் போகவில்லை.

உரிமையாளர் பக்கத்து நியாயம்

எனினும் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது நீதியன்று. விடுதி நடத்துகிறவரின் மேசையிலும் ஒரு சிட்டை கிடக்கிறது.

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க முடியாது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. டீசலுக்கு வரிசையில் நின்று ஜெனரேட்டரை ஓட்டியவர்கள் உண்டு. ஆகஸ்ட் மாதத்தில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் உயர்த்தப்பட்டது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் உயர்ந்தது. ஆறே மாதத்திற்குள் இரண்டு உயர்வு. நூறு ரூபாவாக இருந்த சிட்டை நூற்றெழுபத்தைந்தாகி, அந்த நூற்றெழுபத்தைந்து இருநூற்றுத் தொண்ணூறாயிற்று என்றால் அதன் பாரம் விளங்கும். ஆறு அறைகள் உள்ள ஒரு சிறு விடுதிக்காரர், பழைய வாடகைக்கே எல்லாவற்றையும் கொடுத்துக்கொண்டிருக்க முடியுமா?

இன்னொன்றும் உண்டு. வெள்ளவத்தையில் வீட்டின் ஒரு பகுதியையோ மேல்மாடியையோ அறைகளாக்கி வாடகைக்கு விடுகிறவர் பலர். வீட்டு மின்மானியில் அலகு கூடக் கூட, ஒவ்வோர் அலகின் விலையும் கூடும். வீட்டுக்காரரின் சொந்தப் பாவனை குறைந்த விலைப் படியில் நின்றிருக்கும். விருந்தாளி ஏசியைப் போட்டதும் சிட்டை மேற்படிக்கு ஏறிவிடும். அந்தக் கடைசி அலகுகளின் விலை யார் தலையில் விழவேண்டும்? அவற்றைப் பாவித்தவர் கொடுப்பதே முறை என்று சொன்னால் அதில் தவறில்லை.

அதுமட்டுமன்று. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வாடகையாக வாங்குவதிலும் ஓர் அநீதி மறைந்திருக்கலாம். மின்விசிறி ஒன்றோடு இரவைக் கழித்துவிட்டுப் போகும் மூதாட்டி, ஓர் இரவில் ஓர் அலகு மின்சாரமும் பாவிப்பதில்லை. அடுத்த அறையில் எட்டு மணிநேரம் ஏசி ஓட்டுகிறவர், இயந்திரத்திற்குத் தக்கபடி, 5 முதல் 8 அலகு வரை பாவிக்கிறார். இருவரிடமும் ஒரே தொகை வாங்கினால், மூதாட்டியின் முடிச்சிலிருந்து மற்றவரின் குளிருக்குக் காசு போகிறது. ஆகவே தனிக் கட்டணம் என்பது தன்னளவில் பாவமன்று. சில வேளைகளில் அதுவே கூடிய நீதியாகும்.

அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது?

விலையை அளக்கும் கோல்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குவினாஸ், தமது இறையியல் தொகுப்பிலே வாங்கல் விற்றலைப் பற்றி ஆராயும் இடத்தில், இக்கேள்விக்கு மிகவும் பொருத்தமான ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். ஒரு பொருளைக் கொடுப்பதனால் விற்பவனுக்கு இழப்பு ஏற்படுமாயின், அந்த இழப்பையும் சேர்த்து விலை சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. ஆனால் விற்பவனுக்கு இழப்பு எதுவுமில்லாமல், வாங்குகிறவனுக்கு அது மிகவும் தேவைப்படுகிறது என்ற ஒரே காரணத்திற்காக விலையைக் கூட்டலாகாது. ஏனெனில் அந்தத் தேவை வாங்குகிறவனுடையது. தனக்குச் சொந்தமல்லாத ஒன்றை எவனும் விற்க முடியாது. அயலானின் இக்கட்டு நமது சரக்கு அன்று.

இந்தக் கோலை நம் விடுதிச் சிட்டையின் மீது வைத்துப் பார்ப்போம். சிகிச்சை முடிந்து வந்த நோயாளிக்குக் குளிக்கச் சுடுதண்ணீர் வேண்டும். ஒரு வாளி, இருபது லீற்றர் தண்ணீரைக் குளிப்பதற்கேற்ற இளஞ்சூட்டுக்குக் கொண்டுவர, ஓர் அலகில் மூன்றிலொரு பங்கு மின்சாரமே போதும். அந்த மின்சாரத்தின் விலையோடு, கொதிகலத்தின் தேய்மானத்தையும் பணியாளின் வேலையையும் சேர்த்து ஒரு நியாயமான தொகை வாங்கினால் அது உரிமை. "நோயாளி பச்சைத்தண்ணீரில் குளிக்கவா போகிறார், கேட்டதைக் கொடுக்கத்தான் வேண்டும்" என்று எண்ணி அதைப் பன்மடங்காக்கினால், அங்கே விற்கப்படுவது சுடுதண்ணீர் அல்ல, நோய். திருச்சபையின் மறைக்கல்வி நூலும், பிறரின் அறியாமையையோ இக்கட்டையோ பயன்படுத்தி விலையை ஏற்றுவதை, களவு செய்யாதிருக்கச் சொல்லும் கட்டளையின் கீழேயே வைத்துக் கண்டிக்கிறது.

நம் தமிழ் மரபுக்கும் இது புதிதன்று. பிறர் பொருளையும் தம் பொருள் போலப் பேணுவதே வாணிகருக்கு வாணிகம் என்பதைத் திருவள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்திருக்கிறார். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும் பட்டினப்பாலை, அவர்கள் சேர்த்த செல்வத்தைச் சொல்வதோடு நின்றுவிடவில்லை. வாங்கும்போது மிகுதியாகவும் விற்கும்போது குறைவாகவும் கொள்ளாத நடுவுநிலை நெஞ்சையும் சேர்த்தே சொல்கிறது.

நான்கு வகைக் கட்டணம்

சிட்டையில் வரும் மேலதிகக் கட்டணங்கள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. பிரித்துப் பார்த்தால் நமது மனச்சாட்சிக்கு வழி தெளிவாகும்.

முதலாவது, விருந்தாளி தாமாக விரும்பிப் பாவிப்பதற்கான கட்டணம். ஏசி, உடுப்புத் தோய்க்கும் இயந்திரம், அறையிற் சமைப்பதற்கான அடுப்பு போன்றவை இதில் அடங்கும். வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் உண்மையாகவே இருந்தால், முன்கூட்டியே தொகை சொல்லப்பட்டிருந்தால், இதில் குறை காண இடமில்லை.

இரண்டாவது, அறை என்ற பெயருக்குள்ளேயே அடங்கியவற்றுக்கான கட்டணம். ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, குளிக்கவும் கழுவவும் தண்ணீர். இவை இல்லாத இடத்தை எவரும் அறை என்று வாடகைக்கு எடுக்கமாட்டார். அறைக்கு ஒரு விலை சொல்லிவிட்டு, அதன் விளக்குக்கு வேறு விலை கேட்பது, சோற்றுக்குக் காசு வாங்கிவிட்டு அதைச் சமைத்த தண்ணீருக்கும் காசு கேட்பது போன்றது. செலவு கூடியிருந்தால் வாடகையை நேராகக் கூட்டட்டும். அது கசப்பாக இருக்கும். ஆனால் நேர்மையாக இருக்கும்.

மூன்றாவது, நெருக்கடிக் காலத்துக் கட்டணம். மின்வெட்டு நாட்களில் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கியவர், அந்தச் செலவைப் பகிரச் சொல்வது நியாயமே. ஆனால் காரணம் போனால் காரியமும் போகவேண்டும். 2024 மார்ச்சிலும் ஜூலையிலும் மின்கட்டணம் ஒவ்வொரு முறையும் இருபது வீதத்திற்கு மேல் குறைக்கப்பட்டது. 2025 ஜனவரியில் மேலும் 20 வீதம் குறைக்கப்பட்டது. பின்னர் ஜூனில் 15 வீதம் கூட்டப்பட்டது. கட்டணம் உயர்ந்தபோது அடுத்த நாளே சிட்டையில் ஏறிய தொகை, கட்டணம் இறங்கியபோது இறங்கியதா? இக்கேள்வியை ஒவ்வோர் உரிமையாளரும் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். ஏறும்போது மட்டும் அசையும் தராசு, தராசு அல்ல.

நான்காவது, பெயர் மட்டும் உடைய கட்டணம். மின்சாரம் என்றும் நீர் என்றும் எழுதப்பட்டிருக்கும். ஆனால் அது மின்சாரத்திற்கும் போகாது, நீருக்கும் போகாது. வாடகையைக் குறைவாகக் காட்டி ஆளை உள்ளே வரவழைத்து, விட்ட இலாபத்தைப் பிடிக்க வைக்கப்பட்ட பொறி அது. இங்கே களவோடு பொய்யும் சேர்ந்துகொள்கிறது. பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்யாத ஓர் இடம் அவ்வரியைச் சிட்டையில் எழுதி வாங்குவதும் இவ்வகையே. அந்தப் பணம் அரசாங்கத்திற்குப் போகாது.

"சம்மதித்துத்தானே கொடுத்தார்?"

இங்கே ஒரு மறுப்பு எழும். "யாரையும் கழுத்தைப் பிடித்து வாங்கவில்லை. கேட்டோம், கொடுத்தார். இதில் அநீதி எங்கே?" என்பார்கள்.

சம்மதம் பெரிய காரியந்தான். ஆனால் சம்மதம் மட்டும் நீதியை உண்டாக்காது. 1891ஆம் ஆண்டில் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் இதனை ஆணித்தரமாகக் கூறினார். வேறு வழியின்றியும் இன்னும் மோசமான நிலைக்கு அஞ்சியும் ஒருவன் குறைந்த கூலிக்குச் சம்மதித்தால், அது சுதந்திரமான சம்மதமன்று, பலவந்தத்திற்கு உட்பட்டதே என்பது அவர் போதனை. 1967இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அதே நியாயத்தை நாடுகளுக்கிடையிலான வாணிபத்திற்கும் விரித்துக் காட்டினார். கூலிக்கும் உலக வாணிபத்திற்கும் பொருந்துவது, விடுதி வாசலுக்குப் பொருந்தாமற் போகுமா?

இதனால்தான், எவ்வளவு வாங்கப்படுகிறது என்பதோடு, எப்போது சொல்லப்படுகிறது என்பதும் முக்கியமாகிறது. வாசலில் நிற்கும் பயணிக்கு இன்னும் கால்கள் இருக்கின்றன. விலை பிடிக்காவிட்டால் அடுத்த ஒழுங்கைக்குப் போவார். மூன்று இரவு தங்கி, பெட்டியைக் கட்டி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட பின்னர் அவருக்குச் சொல்லப்படும் விலை, விலையன்று, கட்டளை. அவர் கொடுக்கும் பணம் சம்மதத்தால் வருவதன்று, அவசரத்தால் வருவது. பொருள் ஒன்றே, தொகையும் ஒன்றே. உள்ளே வருமுன் சொன்னால் அது வியாபாரம், வெளியே போகும்போது சொன்னால் அது அகப்படுத்தல்.

உலகமும் இதனை மெதுவாக உணர்ந்து வருகிறது. 2000-2001இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கடும் மின்நெருக்கடி ஏற்பட்டபோது, அந்நாட்டில் பல ஹோட்டல்கள் ஓரிரவுக்குச் சில டொலர் வீதம் மின்சார மேலதிகக் கட்டணம் என்று சிட்டையிற் சேர்த்தன. முன்பதிவின்போது சொல்லப்படவில்லை என்று பயணிகள் கொதித்தனர், வழக்குகளும் எழுந்தன. கால் நூற்றாண்டு கழித்து, 2025 மே 12ஆம் திகதி முதல், தங்குமிடங்கள் கட்டாயமாக வாங்கும் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த முழுத் தொகையையே முதலில் காட்டவேண்டும் என்ற விதி அங்கே நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியாவிலும் அதே ஆண்டு ஏப்ரலில் அத்தகைய சட்டம் அமுலுக்கு வந்தது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஹோட்டல்களும் உணவகங்களும் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே சிட்டையிற் சேர்க்கக்கூடாது என்று 2022 ஜூலையில் வழிகாட்டல் விடுத்தது. 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது.

நம் நாட்டில் நூற்றுக்குப் பத்துச் சேவைக் கட்டணம் பல ஹோட்டல்களில் வழமையாகிவிட்டது. அதன்மேல், 2024 ஜனவரி முதல், பெறுமதி சேர் வரி நூற்றுக்குப் பதினெட்டு. 6,000 ரூபா என்று சொல்லப்படும் அறை, சேவைக் கட்டணத்தோடு 6,600 ஆகி, வரியோடு 7,788 ஆகிறது. வரி வாங்குவது சட்டம். அதில் விடுதிக்காரர் குற்றவாளி அல்லர். ஆனால் 7,788 ரூபா கொடுக்க வேண்டியவரிடம் 6,000 என்று சொல்லி உள்ளே அழைப்பது உண்மையா? வார்த்தையளவில் உண்மை. அதைக் கேட்டவர் மனதில் பதிந்தது பொய். மனச்சாட்சி பார்க்கவேண்டியது நாம் சொன்ன வார்த்தையை மட்டுமன்று, அவர் விளங்கிக்கொண்டதையும் ஆகும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்

ஆடி ஆவணி மாதங்களில், நல்லூர்த் திருவிழாவுக்கும் உறவினர் திருமணங்களுக்கும் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் நம்மவர்கள் வந்து வெள்ளவத்தை அடுக்குமாடி வீடுகளில் தங்குகிறார்கள். "அவர்களுக்கு இது என்ன காசு? கேட்டால் கொடுத்துவிட்டுப் போவார்கள்" என்று மேலதிகத்தின் மேல் மேலதிகம் எழுதுகிறவர்கள் உண்டு. ஏழையிடம் வாங்கினால்தான் பாவம், உள்ளவரிடம் வாங்கினால் பாதகமில்லை என்பது அவர்கள் எண்ணம்.

ஆனால் அக்குவினாஸ் காட்டிய கோல் இங்கேயும் அதே அளவையே காட்டுகிறது. ஏழைப் பயணிக்குப் போக வேறிடம் இல்லை, அதனால் கூட்டுகிறோம். வெளிநாட்டுக்காரருக்கு விலை தெரியாது, அதனால் கூட்டுகிறோம். இரண்டிலும் விலை பொருளைப் பார்த்து நிர்ணயிக்கப்படவில்லை, ஆளைப் பார்த்து நிர்ணயிக்கப்படுகிறது. மேலும், ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இரவு வேலை செய்து, இரண்டு மூன்று ஆண்டு சேமித்து ஊர் பார்க்க வருகிறவரின் பணம் வியர்வையில்லாமல் வந்தது என்று யார் சொன்னது?

தங்குகிறவரின் கடமை

நீதி இரு பக்கமும் வெட்டும் வாள். தங்குகிறவருக்கும் கடமை உண்டு.

அறையைப் பூட்டிக்கொண்டு காலையில் வைத்தியசாலைக்குப் போகிறவர், மாலையில் திரும்பும்போது அறை குளிர்ந்திருக்கட்டும் என்று ஏசியை ஓடவிட்டுப் போகிறார். கேட்டால், "காசு கொடுக்கிறேனே" என்கிறார். யாழ்ப்பாணத்தில் கிணற்றடியில் வளர்ந்த நமக்குத் தண்ணீருக்குக் காசு என்பதே புதுமை. கொழும்பிலோ அது களனி ஆற்றிலிருந்து அம்பத்தளையில் சுத்திகரிக்கப்பட்டு, குழாயில் வந்து, மானியில் ஏறி, மோட்டாரால் மேல்மாடித் தொட்டிக்குப் போய்ச் சேருகிறது. ஒவ்வொரு வாளியிலும் ஒருவருடைய உழைப்பும் பணமும் இருக்கின்றன. காசு கொடுத்ததனால் வீணாக்கும் உரிமை வந்துவிடாது. வாடகை கொடுத்தது பாவிப்பதற்கு, பாழாக்குவதற்கன்று. ஒருவர் வீணாக்கியதன் விலை, கடைசியில் அவருக்குப் பின் வருகிற வேறொரு பயணியின் வாடகையிலேயே ஏறும்.

இரண்டாவது கடமை, கேட்பது. விலையை விசாரிப்பது கௌரவக் குறைவு என்று நம்மிற் பலர் எண்ணுகிறார்கள். "எல்லாம் சேர்த்து எவ்வளவு? வேறு ஏதும் வருமா?" என்று உள்ளே போகுமுன் கேட்பதில் வெட்கம் என்ன இருக்கிறது? கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், பற்றுச்சீட்டுக் கேட்டுப் பெறும் உரிமையை நமக்குத் தந்திருக்கிறது. அச்சபைக்கு முறையிட 1977 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. உரிய இடத்தில் முறையிடாமல் ஊருக்குப் போய்ப் பத்துப் பேரிடம் குறை சொல்வது, அடுத்து வருகிறவருக்கு எந்த நன்மையும் செய்யாது. அந்த விடுதிக்காரருக்குத் தம்மைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பையும் கொடாது.

விடுதிக்காரரும் சமாரியரும்

நல்ல சமாரியரின் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். குருவையும் லேவியரையும் சமாரியரையும் பற்றிப் பேசுகிறோம். ஆனால் அங்கே நாலாவதாக ஒருவர் நிற்கிறார். அவர்தான் சாவடிக்காரர். சமாரியர் அவர் கையில் இரண்டு தெனாரியம் கொடுக்கிறார். ஒரு தெனாரியம் என்பது அக்காலத்து ஒரு நாட் கூலி. அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் வாக்களிக்கிறார். வேதாகமத்தில் விடுதியின் மேலதிகச் செலவு பேசப்படும் இடம் அது!

அந்தக் காலத்துச் சாவடிக்காரர்களுக்கு நல்ல பெயர் இருக்கவில்லை. பயணியின் பொருட்களுக்குக் கப்பற்காரரும் சாவடிக்காரரும் தொழுவக்காரரும் பொறுப்பு என்று உரோமைச் சட்டம் தனி விதியே வகுத்திருந்தது. வழிப்போக்கன் அவர்களை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை என்பதே அதற்குக் காரணம். அப்படியிருந்தும் சமாரியர் நம்பினார். காயம்பட்டவரோ பேரம் பேசும் நிலையில் இல்லை. சாவடிக்காரர் நினைத்திருந்தால் இரண்டு தெனாரியத்தை இருபதாக எழுதியிருக்கலாம், சாட்சி யாருமில்லை. அவர் என்ன எழுதினார் என்று ஆண்டவர் சொல்லவில்லை. அந்தச் சிட்டையை எழுதும் வேலையை நம்மிடம் விட்டுவிட்டார் என்றே தோன்றுகிறது.

நம் முன்னோர் வழியோரங்களில் மடங்களையும் கேணிகளையும் சுமைதாங்கிகளையும் தண்ணீர்ப்பந்தல்களையும் அமைத்து வைத்தார்கள். வழிப்போக்கன் தண்ணீருக்குக் காசு கொடுக்கவில்லை. அது இலவசமாக வந்ததென்று எண்ணவேண்டாம். அதற்கென ஒருவர் நிலம் எழுதி வைத்தார், ஒருவர் கிணறு வெட்டினார், ஒருவர் தினமும் இறைத்து ஊற்றினார். செலவு எப்போதும் உண்டு. அதை யார் சுமப்பது என்பதை அவர்கள் முன்கூட்டியே தீர்த்து வைத்திருந்தார்கள். தாகத்தோடு வந்தவனிடம் கடைசியில் நீட்டவில்லை. இன்றைய விடுதிக்காரர் மடம் நடத்தவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. அவர் பிழைக்கவேண்டும், இலாபமும் பெறவேண்டும். ஆனால் கணக்கை முதலிலேயே தீர்த்து வைக்கும் அந்த நேர்மையை மட்டும் அவர் எடுத்துக்கொள்ளலாம்.

இதனை விடுதிக்காரருக்கு மட்டும் சொல்லி நாம் தப்பிக்கொள்ள முடியாது. நம் பங்கு மண்டபங்களும் யாத்திரிகர் இல்லங்களும் சங்கக் கட்டிடங்களும் வாடகைக்கு விடப்படுகின்றன. திருமணம் முடிந்து, பெண்வீட்டார் களைத்து நிற்கும் வேளையில், "விளக்குக்கு இவ்வளவு, தண்ணீர் மோட்டாருக்கு இவ்வளவு" என்று புதுத் தொகை நீட்டப்படுவதுண்டு. கோவில் காரியத்துக்குப் போகிற பணம் என்பதால் முறை தவறிய வரவு முறையானதாகிவிடாது. பிறருக்கு நீதி போதிக்கும் வீட்டில் விலைப்பட்டியல் முதலில் மாட்டப்படவேண்டும்.

வாசகர்களே, நீங்கள் வாடகைக்கு அறை விடுகிறவர்களாயின், கூலியாட்கள் உட்பட எல்லாச் செலவையும் கணக்கிட்டு, உங்களுக்குரிய இலாபத்தையும் சேர்த்து, முழுத் தொகையை ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டுங்கள். தனியாக வாங்க வேண்டியது எதுவென்றும், எவ்வளவென்றும், ஏனென்றும் அதன் கீழே எழுதுங்கள். மின்கட்டணம் குறைந்தால் பலகையையும் திருத்துங்கள். நீங்கள் தங்கப் போகிறவர்களாயின், அந்தப் பலகையை வாசித்துவிட்டு உள்ளே போங்கள். வெளியே வரும்போது விளக்கை அணைத்துவிட்டு வாருங்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் முகம் பார்த்து விடைபெறக் கூடியதாக இருந்தால், அந்தச் சிட்டை நீதியான சிட்டை.